சத்தமடக்கும் உத்தியோகம்

கோட்டைக்குப்பத்துக் கோதண்டத்துக்குத் தொண்டையைத் தவிர வேறு சொத்து கிடையாது. சொந்தமாக வலை இல்லை, படகு இல்லை. ஆனால் கரையில் நின்று ஒரு குரல் விட்டான் என்றால், அலைக்கு அப்பால் இருக்கிறவன் துடுப்பை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பான்.

பழவேற்காட்டில் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், கோட்டை கட்டிக்கொண்டு துணி வியாபாரம் செய்த காலம் அது. அவர்களுடைய கப்பல்கள் கரைக்கு வர முடியாமல் ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கையும் மனிதரையும், பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலாப் படகில் ஏற்றி, அலையைத் தாண்டி, முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் கொண்டுவர வேண்டும். எந்த அலைமேல் ஏறுவது, எப்போது துடுப்பை இழுப்பது என்று படகின் பின்னால் நின்று கத்துகிறவனுக்குத் தண்டல் என்று பெயர். கோதண்டம் தண்டல். கத்தியே சோறு தின்றவன்.

வீட்டிலும் அதே குரல்தான். அவன் உப்பு வேண்டும் என்று கேட்டால் அடுத்த தெருக்காரி உப்போடு வந்து நிற்பாள் என்று அவன் பெண்டாட்டி லோகநாயகி சொல்லுவாள். அவளும் சளைத்தவள் இல்லை. மீன்கூடையைத் தலையில் வைத்து அவள் கூவிக்கொண்டு போனால், துணிக்காரர் தெருவில் தூங்குகிற கிழவர்கள்கூட எழுந்து என்ன மீன் என்று கேட்பார்கள். புருஷனும் பெண்டாட்டியும் கொஞ்சிக்கொண்டிருக்கும்போது சண்டை என்று நினைத்து விலக்க வந்தவர்கள் குப்பத்தில் உண்டு.

இப்படி இருந்தவனுக்குத்தான் ஒரு மாசி மாதத்தில் உத்தியோகம் வந்து சேர்ந்தது.

அந்த நாளில் கோட்டையை ஆண்டவரைப் பெரிய துரை என்பார்கள். இங்கிலீஷ்காரன் பிடுங்கிக்கொண்ட கோட்டை, ஏதோ உடன்படிக்கையின்பேரில் அவர் கைக்குத் திரும்பி வந்திருந்தது. கோட்டை வந்ததே தவிர வியாபாரம் வரவில்லை. துணிக்கிடங்குகளில் எலி ஓடியது. துணி இல்லாத கிடங்கை என்ன செய்வது என்று யோசித்த பெரிய துரை, அதில் சங்கீதம் வைக்கலாம் என்று முடிவு செய்தார். அவர்கள் நாட்டு இளவரசருக்குப் பிறந்தநாள் வருகிறது. சென்னப்பட்டணத்து இங்கிலீஷ்காரர்களைக் கூப்பிட்டு, நாங்கள் ஒன்றும் நொடித்துப்போகவில்லை என்று காட்டவேண்டும். கடையில் சரக்கு இல்லாதவன் வாசலில் தோரணம் கட்டுகிற மாதிரி, சிம்பொனி என்ற பெரிய கச்சேரிக்கு ஏற்பாடாயிற்று. கச்சேரியை நடத்த ஜாவாத் தீவிலுள்ள பத்தாவியாவிலிருந்து ஒருவர் வருகிறார், பியானோ வாசிக்கத் தரங்கம்பாடியிலிருந்து ஒரு டேனிஷ்கார அம்மாள் வருகிறாள் என்று துபாஷி கங்காதரன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். துரை பேசுவதைத் தமிழிலும், தமிழர் பேசுவதைத் துரைக்குப் பிடித்த மாதிரியும் மாற்றிச் சொல்வது துபாஷியின் தொழில்.

பத்தாவியாக்காரர் வந்த கப்பலிலேயே பியானோவும் வந்தது. ஆளுயரப் பெட்டி. அதை ஏற்றிக்கொண்டு கோதண்டத்தின் படகு அலையில் ஏறியபோது காற்று திரும்பிவிட்டது. பக்கவாட்டில் வந்த அலை படகைச் சாய்த்தது. துடுப்புப் போட்ட தருமனும் சுப்பனும் தண்ணீரில் விழுந்தார்கள். பெட்டியும் கயிற்றை அறுத்துக்கொண்டு நழுவத் தொடங்கியது.

"பெட்டி, பெட்டி," என்று கரையில் நின்ற துபாஷி அலறினார்.

"வலது கை இழு. விடாத. இழு," என்று கோதண்டம் ஒரு குரல் கொடுத்தான். பயந்துபோயிருந்த மற்றவர்கள் அந்தக் குரலுக்கே பயந்து இழுத்தார்கள். படகு நிமிர்ந்தது. பெட்டி தப்பியது.

கரையில் இறங்கியதும் பத்தாவியாக்காரர் ஓடிவந்து பெட்டியைக் கட்டிக்கொண்டார். துபாஷி பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"ரெண்டு ஆளு இன்னும் தண்ணியில கீறாங்க சாமி," என்றான் கோதண்டம்.

"பெட்டிக்குள்ள தண்ணி பூந்துச்சா?"

"பூரல சாமி."

"அப்ப சரி."

தருமனும் சுப்பனும் தாங்களே நீந்தி வந்தார்கள். தருமனுக்குத் தோள்மூட்டு நழுவியிருந்தது. கை தொங்க மணலில் உட்கார்ந்தவனை யாரும் ஏனென்று கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால் கோதண்டமும் கேட்கவில்லை. ஏனென்றால் அந்த நேரத்தில் பெரிய துரை அவனைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். பெரிய துரை தலையாட்டும்போது வேறு பக்கம் திரும்ப யாருக்குத்தான் மனசு வரும்?

மறுநாள் துபாஷி ஆளனுப்பினார்.

"துரை உன் குரல கேட்டாரு. ஊரையே அடக்குற குரல்னு சொன்னாரு."

"எல்லாரும் சொல்றது தான் சாமி."

"கச்சேரி நடக்குற கிடங்கு ஏரிக்கரையில கீது. காத்துக்காகக் கதவ தொறந்து வெக்கணும். தொறந்தா ஊருச் சத்தம் பூரா உள்ள வருது. இன்னிக்கி காலம்பர ஒத்திகையில பத்தாவியா தொரை ரெண்டு தடவ காத பொத்திக்கினாரு. இனிமே நீ படகுல கத்த வேணாம். ஊருல எவனும் கத்தாம பாத்துக்க."

"கத்தாம எப்புடி சாமி அடக்குறது?"

 துபாஷி ஒரு சிவப்பு அங்கியை எடுத்து நீட்டினார். பித்தளைப் பொத்தான் வைத்த சிப்பாய் அங்கி. காய்ச்சலில் செத்துப்போன எவனோ ஒரு வெள்ளைக்காரனுடையது. முழங்கையில் ஒட்டுப் போட்டிருந்தது. கோதண்டம் அதை வெற்று உடம்பின்மேல் மாட்டிக்கொண்டான். பொத்தான் ஒன்றும் சேரவில்லை. அவன் நெஞ்சு அங்கிக்குப் பெரிசாக இருந்தது. அங்கியைப் போட்டபிறகு இன்னும் பெரிசாயிற்று.

அன்று தொடங்கியது குப்பத்துக்குப் பிடித்த சனி. கிடங்கில் ஒத்திகை தொடங்கும்போது கோட்டை மணி அடிக்கும். அடித்தால் ஊர் வாயை மூடவேண்டும். மறுபடி அடிக்கும்வரை திறக்கக்கூடாது. கோதண்டம் கையில் தடியோடு கரை நெடுக நடந்தான். படகுக்குப் பழுது பார்க்கிறவன் சுத்தியலைத் தூக்கினால் ஓடிப்போய்ப் பிடுங்கினான். ஏலக்காரன் மீனுக்கு விலை கூவக்கூடாது, விரலைக் காட்டித்தான் கேட்கவேண்டும் என்றான். விரலைத் தப்பாக எண்ணி இரண்டு பேர் அடித்துக்கொண்டார்கள், அதையும் ஓசையில்லாமல் அடித்துக்கொள்ளச் சொன்னான். குப்பத்துச் சேவல்களையெல்லாம் பிடித்துக் கூண்டில் அடைத்து ஏரி நடுவில் உள்ள மணல்திட்டில் கொண்டுபோய் விட்டான். கைக்குழந்தைக்காரிகளைப் பார்த்து, வாயில் எதையாவது வைத்துக்கொண்டேயிருங்கள் என்று உத்தரவு போட்டான். இவ்வளவையும் அவன் மெதுவாகச் சொன்னான் என்று நினைக்கவேண்டாம். "சத்தம் போடாத" என்று அவன் போட்ட சத்தத்தில் ஒத்திகை நின்றுபோன நாளும் உண்டு.

பத்தாவியாக்காரரை ஊரார் கோல் துரை என்று கூப்பிட்டார்கள். அவர் கையில் எந்த வாத்தியமும் இல்லை, கோல்தான் இருந்தது. வாசிக்கத் தெரிந்தவர்கள் நடுவில் வாசிக்காமல் நின்று கோபித்துக்கொள்வதற்காகவே அவரை அவ்வளவு தூரத்திலிருந்து வரவழைத்திருக்கிறார்கள் என்பது குப்பத்துக்குப் புரியப் பல நாள் ஆயிற்று. அலை ஏன் தாளம் தப்பி அடிக்கிறது என்று அவர் கேட்டதாகவும், அதை நாளைக்குள் சரிசெய்கிறோம் என்று துபாஷி பதில் சொன்னதாகவும் பேச்சு.

லோகநாயகிக்குத்தான் முதலில் பொறுமை போனது. மணி அடித்த பிறகும் கூவிக்கொண்டு போனவளைக் கோதண்டம் தெருவில் மறித்தான்.

"கூவாத. உத்தரவு."

"கூவாம வித்தா மீனு தானா எழுந்து போயி கதவ தட்டுமா?"

"கூடைய எறக்கி வெச்சிக் காட்டு. பாக்கறவங்க வாங்குவாங்க."

"கதவ சாத்திக்கினு உள்ள கீறவங்க எப்புடிய்யா பாப்பாங்க? யாரு போட்ட உத்தரவு இது?"

"எனுது தான்."

"அந்தச் செத்தவன் சட்டைய கழட்டிட்டுச் சொல்லு, பாக்கலாம்."

தெருவே சிரித்தது. சிரிப்பும் சத்தம்தான் என்று கோதண்டம் தடியைத் தூக்கினான். பெண்டாட்டியின் கூடையைக் கீழே இறக்கி, பறித்துக்கொண்டுபோய்க் கோட்டை வாசலில் வைத்துவிட்டான். மீன் வெயிலில் நாறிப்போயிற்று. அதற்கு அப்புறம் லோகநாயகி அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு போட்டாள். கிண்ணத்தை வைக்கும்போதுகூட ஓசை வராமல் வைத்தாள்.

கோதண்டம் தவறவிட்ட இன்னொரு பேச்சும் அந்த நாட்களில்தான். கோல் துரை தம்மோடு நாலு பிடில்காரர்களைக் கூட்டி வந்திருந்தார். கூட்டிவந்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. விலைக்கு வாங்கியவர்கள். வாங்கின மாதத்தின் பெயரையே அவர்களுக்கு வைப்பது ஒல்லாந்தர் வழக்கம், பெயர் யோசிக்கிற சிரமம் மிச்சம். அவர்களில் ஒருவன் பெயர் அக்டோபர். ஒருநாள் ஒத்திகை இடைவேளையில் அவன் கரைக்கு வந்து முகம் கழுவினான். கறுத்த, ஒல்லியான ஆள். கோதண்டத்தைப் பார்த்ததும் தமிழில் பேசினான். சின்னப் பிள்ளை பேசுகிற தமிழ்.

"அண்ணா, எங்க அம்மா பஞ்சத்துல கப்பல்ல போச்சு. ஏரி ஊருன்னு அம்மா சொல்லும். இது அந்த ஏரியா?"

அந்தக் கரையிலிருந்து பஞ்ச காலங்களில் எத்தனையோ பேர் அப்படி அடிமையாக விலைபோய்க் கப்பலேறியிருக்கிறார்கள். கோதண்டம் பதில் சொல்ல வாயைத் திறந்தான். அப்போது பார்த்து ஒத்திகை மறுபடி தொடங்குகிற மணி அடித்தது.

"ஷ்," என்றான் கோதண்டம். உதட்டில் விரலை வைத்தான்.

அக்டோபர் அவன் விரலைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான். அவன் வாழ்க்கையில் அது புதிதல்ல.

மாசி மகம் நெருங்கியது. அன்றைக்குத்தான் இளவரசருக்குப் பிறந்தநாள், அன்றைக்குத்தான் கச்சேரி. வருஷா வருஷம் மகத்தன்று மேற்கே உழவர் ஊரான காட்டூரிலிருந்து சாமி மேளதாளத்தோடு பழவேற்காட்டுக்கு வரும், தோணியில் ஏரியைக் கடந்து கடலுக்குப் போய்த் தீர்த்தமாடும். குப்பத்து நாட்டாமை சகாதேவன் ஊரைக் கூட்டினார். கோதண்டமும் அங்கியோடு வந்து நின்றான்.

"மேளம் வேணாம்ன்றாங்களாமே," என்றார் சகாதேவன். "பொணங்கூட மேளம் இல்லாம போறதில்லையே கோதண்டம். சாமி எப்புடி வரும்?"

"வரட்டும் நாட்டாமை, யாரு வேணாம்னாங்க? மேளத்தக் கையில புடிச்சினு தோணியில உக்காந்துக்கட்டும். கச்சேரி முடிஞ்சதும் நான் கரையிலருந்து ஒரு கொரல் குடுக்கறேன். அப்பறமா வானம் கிழியறாப்புல அடிச்சிக்கட்டும்."

"அதுவரைக்கும் சாமி?"

"தண்ணியில நிக்கும். நம்ம சாமி தானே. சொன்னா கேட்டுக்கும்."

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. சகாதேவன் கையைக் காட்டி அடக்கினார். காட்டூர் மேளக்காரர் பெரியசாமிக்குச் சேதி அனுப்ப ஒப்புக்கொண்டார். கோதண்டம் மார்பை நிமிர்த்திக்கொண்டு போன பிறகு, இருந்தவர்களிடம் சகாதேவன் சொன்னார்:

"உத்தரவு உத்தரவு தான். நாம முழுசா கடைபிடிப்போம். இனிமே அவன் நிக்கற எடத்துல யாரும் வாயத் தெறக்காதீங்க. மணி அடிச்சாலும் சரி, அடிக்காட்டியும் சரி."

அப்படியே நடந்தது. கோதண்டம் போகிற இடமெல்லாம் பேச்சு அறுந்து விழுந்தது. "இன்னா வல போட்டீங்க, இன்னா கெடச்சிது" என்று கேட்டால் வாயை இறுக்கி மூடிக்கொண்டு கண்ணை உருட்டினார்கள். கள்ளுக்கடையில் அவன் நுழைந்தால் குடிக்கிறவர்கள்கூட ஓசையில்லாமல் விழுங்கினார்கள். முதல் நாள் அவனுக்கு அது பெருமையாக இருந்தது, நம்ம பேச்சுக்கு எவ்வளவு மரியாதை என்று. இரண்டாம் நாள் சந்தேகம் வந்தது. மூன்றாம் நாள், யாரிடமும் பேச முடியாமல், ஏரிக்கரையில் கட்டிப்போட்டிருந்த ஒரு ஆட்டிடம் தன் குறையைச் சொல்லிக்கொண்டிருந்தான். ஆடு மட்டும் பதில் சொன்னது. அதையும் அவிழ்த்துத் தூரக் கட்டும்படி கோட்டையிலிருந்து ஆள் வந்துவிட்டான்.

மகத்தன்று சாயங்காலம் கிடங்கு பளபளவென்றிருந்தது. சுவரில் இளவரசர் படம். சென்னப்பட்டணத்து இங்கிலீஷ்காரர்கள் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவுரிச் சாயத்தின் நாற்றம் தரையிலிருந்து போகவில்லை. அதனால் துரைசானிகள் கைக்குட்டையை மூக்கில் வைத்திருந்தார்கள். சங்கீதத்தில் உருகுகிறார்கள் என்று துபாஷி வந்தவர்களுக்கெல்லாம் எடுத்துச் சொன்னார். வாசிக்கிறவர்களில் பாதிப்பேர் கோட்டைச் சிப்பாய்கள். நடுவில் பியானோ. அதன்முன் தரங்கம்பாடி அம்மாள். தடித்த, சிவந்த முகம். அவள் ஒருத்திதான் அந்தக் கூட்டத்தில் விறைப்பில்லாமல் உட்கார்ந்திருந்தவள்.

கோதண்டத்துக்கு இதெல்லாம் வாசலிலிருந்து ஒரு கணம் தெரிந்ததுதான். அவன் வேலை தண்ணீர்க்கரையில். அங்கே காட்டூர்த் தோணி வந்து நின்றிருந்தது. பூவும் பட்டுமாகச் சாமி, பக்கத்தில் பல்லக்குக் கொம்புகள், மேளத்தை மடியில் வைத்துக்கொண்டு பெரியசாமி, கொம்பு, தாரை, வெடிப் பெட்டி. தோணி ஓட்டுகிறவன், தோளில் கட்டுப் போட்ட தருமன். கரையோடு குப்பத்து ஜனம் முழுக்க உட்கார்ந்திருந்தது. ஒருவரும் மூச்சு விடவில்லை.

கிடங்கில் சங்கீதம் தொடங்கியது. காற்று அதைக் கரைப்பக்கம் விடாமல் ஏரிமேல் தள்ளிக்கொண்டு போயிற்று. தோணிரேவு கிராமத்துப் பக்கம் தண்ணீரில் இறால் தடவிக்கொண்டிருந்தவர்கள் காதில் கொஞ்சம் விழுந்ததாம். யாரோ நாயைக் கட்டிப்போட்டு மறந்துவிட்டார்கள் என்று நினைத்தார்களாம்.

நேரம் ஆக ஆக நீரோட்டம் தோணியைக் கிடங்குப் பக்கம் இழுத்தது. கோதண்டம் அங்கியை நனைத்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினான். அங்கிருந்தே, பின்னால் போ, பின்னால் போ என்று இரண்டு கையாலும் சைகை காட்டினான். தருமன் கோலை ஊன்றித் தோணியை நிறுத்தினான். நிறுத்தியவன் குனிந்து தண்ணீரைப் பார்த்தான். தெளிந்த தண்ணீர். கோதண்டத்தின் காலுக்கு ஒரு முழம் தள்ளி மணலில் ஒரு முள்வால் திருக்கை மீன் புதைந்து கிடந்தது. வால் மட்டும் வெளியே தெரிந்தது.

தருமன் அதைப் பார்த்தான். கோதண்டத்தைப் பார்த்தான். பிறகு உதட்டின்மேல் விரலை வைத்துக்கொண்டான்.

"இன்னாடா வெரல காட்டற?" என்று கோதண்டம் கிசுகிசுத்துக்கொண்டே ஒரு அடி எடுத்து வைத்தான்.

திருக்கை முள் பட்டவர்களுக்குத் தெரியும். பிரசவ வலியையும் அதையும் ஒன்றாகச் சொல்வார்கள். கோதண்டம் தன் ஆயுளில் விட்ட குரல்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து விட்டான். கிடங்கில் அப்போது பியானோ தனியாக, மெல்ல, நூல் இழுக்கிற மாதிரி போய்க்கொண்டிருந்ததாம். மற்ற வாத்தியம் எல்லாம் நின்றிருந்த இடம். அந்த இடத்தில்தான் இந்தக் குரல் போய் விழுந்தது.

பெரியசாமிமேல் குற்றம் சொல்ல முடியாது. கரையிலிருந்து ஒரு குரல் வரும், அப்புறம் அடிக்கலாம் என்பதுதான் பேச்சு. குரல் வந்தது. அவர் அடித்தார். தாரை ஊதினார்கள். கொம்பு ஊதினார்கள். வெடிப் பெட்டிக்குத் தீ வைத்தார்கள். அவ்வளவு நாளும் வாயை மூடியிருந்த குப்பம் ஒரே குரலாகக் குலவையிட்டது.

மைசூர்க் குதிரைப்படை வந்து ஊர்களைக் கொளுத்திய நாட்களை அந்தக் கரையில் ஒருவரும் மறந்திருக்கவில்லை. முதலில் ஒரு மரண ஓலம், பின்னால் பேரிகை, பின்னால் வெடி. கிடங்கில் இருந்தவர்களுக்கு வேறென்ன தோன்றும்? சிப்பாய்கள் பிடிலைப் போட்டுவிட்டுத் துப்பாக்கி எடுக்கக் கோட்டைக்கு ஓடினார்கள். ஊதுகொம்புக்காரன் ஓடிக்கொண்டே ஆபத்துக் கொம்பு ஊதினான். இங்கிலீஷ்காரர்கள் வண்டிக்குக் காத்திராமல் உப்பங்கழியில் இறங்கி நடந்தார்கள். ஆபத்து என்றால் முதலில் கோட்டைக் கதவைச் சாத்து என்று பெரிய துரையே போட்டு வைத்திருந்த உத்தரவு இருந்தது. சிப்பாய்கள் அதைப் பிசகாமல் நிறைவேற்றினார்கள். பெரிய துரை வந்து சேர்ந்தபோது கதவு சாத்தியிருந்தது. இளவரசர் பிறந்தநாள் உடுப்போடு, பொய்முடி ஒரு பக்கம் தொங்க, தம்முடைய கோட்டைக் கதவைத் தாமே தட்டிக்கொண்டு நின்றார்.

கோதண்டத்தைத் தூக்கிவந்து கிடங்கின் பின்பக்கம் மணலில் போட்டிருந்தார்கள். லோகநாயகி, முள்ளின் விஷம் இறங்க, சுடுதண்ணீர்ச் சட்டியில் அவன் காலை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். வலியில் பாதிக் கண்ணை மூடியிருந்தவன்மேல் ஏதோ இடறியது. கோல் துரை. அவனைத் தாண்டிக் குதித்து ஓடினார், ஒரு கால் அவன் வயிற்றில் பட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. அலையில் தம் பெட்டியைக் காத்துக் கொடுத்தவன் இவன்தான் என்று அவருக்கு இப்போதும் தெரிந்திருக்காது. அப்போதும் தெரிந்திருக்காது.

கிடங்குக்குள் இன்னும் சங்கீதம் கேட்டது. கோல் துரையின் நாலு பிடில்காரர்களிடம் நிறுத்தும்படி யாரும் சொல்லவில்லை. சொல்லாமல் நிறுத்துகிற பழக்கம் அவர்களுக்கு இல்லை. தரங்கம்பாடி அம்மாளும் ஓடவில்லை. காலி நாற்காலிகளுக்கு வாசித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தத்துக்கு நடுவே பின்கதவு திறந்தது. அக்டோபர் வெளியே வந்தான்.

கோதண்டத்தைப் பார்த்து நின்றுவிட்டான். கோதண்டமும் பார்த்தான். காட்டூர்க்காரர்கள் சாமியைத் தோணியிலிருந்து இறக்கிப் பல்லக்கில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இந்தக் கலவரத்தில் கடலுக்குப் போகவேண்டாம், ஏரியிலேயே முழுக்குப் போட்டுத் திரும்பிவிடலாம் என்று முடிவாகியிருந்தது. அக்டோபர் தன் பட்டு மேலங்கியைக் கழற்றி மணலில் போட்டான். லோகநாயகி சட்டியிலிருந்து கையை எடுத்தாள். பிறகு புருஷன் தலையிலிருந்த தலைப்பாகையை உருவி அவன்மேல் எறிந்தாள்.

"கட்டிக்கினு போய் கொம்புல தோள குடு. ஓடு," என்றாள். அவ்வளவு நாளில் அவள் புருஷன் காதுபடப் பேசிய முதல் பேச்சு அதுதான்.

காட்டூர்க்காரர்கள் ஒருவனைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லி இடம் விட்டார்கள். சாமி மேளத்தோடு கிழக்கே பார்த்து முழுகியது. மேற்கே பார்த்துப் போயிற்று.

மறுநாள் துபாஷி வந்தார். வந்தவருக்குத் துரையிடம் சொல்ல ஒரு குற்றவாளி வேண்டும், கோல் துரைக்குத் திருப்பிக் கொடுக்க ஒரு பிடில்காரன் வேண்டும்.

"நீ அங்கயே தான படுத்துனு இருந்த? பின்கதவு வழியா ஒருத்தன் போனான். எந்தப் பக்கம் போனான்?"

கோதண்டம் காலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து மறுபடி கட்டினான்.

"தொரை உனுக்கு நல்லது செய்வாரு. சொல்லு."

கோதண்டம் உதட்டின்மேல் விரலை வைத்துக் காட்டினான்.

இரக்கத்தால்தான் வாயை மூடினேன் என்று பிற்காலத்தில் அவன் சொல்லிக்கொள்வான். இரக்கம் கொஞ்சம் இருந்திருக்கும். அன்றைக்கு ஏரிக்கரையில் அக்டோபர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் விரட்டியது காலோடு சேர்ந்து உறுத்தியிருக்கும். ஆனால் போனவன் தலையில் இருந்தது தன்னுடைய தலைப்பாகை என்பதும், தேடிப்பிடித்தால் அது யாருடையது என்று கேட்பார்கள் என்பதும் அவனுக்கு நன்றாகத் தெரியும். வயிற்றில் மிதித்த கால் வேறு மறக்கவில்லை. எல்லாம் சேர்ந்துதான் மனிதன் நல்லவனாகிறான்.

துபாஷி குப்பத்தில் மற்றவர்களைக் கேட்டார். சகாதேவனைக் கேட்டார், தருமனைக் கேட்டார், பிள்ளைக்காரிகளைக் கேட்டார். ஒருவரும் பேசவில்லை. கோதண்டம் தடியோடு நடந்து நடந்து பழக்கிய பழக்கம், நன்றாகப் பிடித்திருந்தது. கடைசியில் துபாஷி சிவப்பு அங்கியைக் கழற்றச் சொல்லி வாங்கிக்கொண்டு போனார். அது ஈரத்தில் சுருங்கி, கழற்றவே இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

கால் ஆற மழைக்காலம் வந்துவிட்டது. அப்புறமும் நடை கொஞ்சம் சாய்ந்துதான் இருந்தது. தருமனிடம் அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை, தருமனும் சொல்லவில்லை. ஆனால் மறுபடி படகேறிய அன்று, அலைக்கு முன்னால் கோதண்டம் குனிந்து, "தோளு இப்ப எப்புடி கீது?" என்று கேட்டான். கேட்பதற்கு எட்டு மாதம் பிந்தியிருந்தது. "இழுக்கலாம்," என்றான் தருமன். பெரிய துரை வேறு கச்சேரி வைக்கவில்லை. சில வருஷத்தில் இங்கிலீஷ்காரர்கள் வந்து கோட்டையை மறுபடி எடுத்துக்கொண்டார்கள். இந்தத் தடவை உள்ளே இருந்தவர்களே கதவைத் திறந்துவிட்டார்கள்.

அதற்கு அப்புறம் ஒரு தை மாதம், கருவாடு கொடுத்து நெல் வாங்கக் கோதண்டம் காட்டூருக்குப் போனான். வயலில் வரப்புக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான். அக்டோபர் என்றால் எந்த மாதம் என்று பெரியசாமி யாரையோ விசாரித்துத் தெரிந்துகொண்டதிலிருந்து அவனுக்கு ஊரில் ஐப்பசி என்று பெயர். கல்யாணம் ஆகியிருந்தது. உழவு அவனுக்குச் சரியாக வராது என்றும், ஆனால் ஆள் நல்லவன் என்றும் ஊரில் சொன்னார்கள்.

இருவரும் வரப்பில் உட்கார்ந்தார்கள். கோதண்டம் குரலைத் தாழ்த்திக் கேட்டான். அவன் தாழ்த்தியதே பக்கத்து வயல்காரனைத் திரும்பிப் பார்க்க வைத்தது.

"ஒரு சந்தேகம் ஐப்பசி. அன்னிக்கி ஊர அடக்குனது நானு. ஆனா ஒரு துளி என் காதுல விழல. இன்னா தான் வாசிச்சீங்க?"

ஐப்பசி மண்வெட்டியை மடியில் வைத்துக்கொண்டான். பிறகு பியானோ தனியாக வருகிற இடத்தை மெதுவாக வாயாலேயே பாடிக் காட்டினான். ஏறி, இறங்கி, ஓரிடத்தில் நின்று, மறுபடி ஏறியது. கோதண்டம் கழுத்தைச் சாய்த்துக் கடைசிவரை கேட்டான்.

"இவ்ளோ தானா?"

"இவ்ளோ தான் அண்ணா."

"இதுக்கா எங்க சாமிய தண்ணியில நிக்க வெச்சேன்?"

ஐப்பசி சிரித்தான். வரப்பில் ஒரு பக்கம் உடைந்து தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அவன் எழுந்துபோய் இரண்டு வெட்டு மண் எடுத்துப் போட்டான். கோதண்டமும் கருவாட்டுக் கூடையை ஓரமாக வைத்துவிட்டு, நல்ல காலை ஊன்றி, மற்றக் காலால் அந்த மண்ணை மிதித்துக் கொடுத்தான்.